டயானாவாக இருந்த டாஃப்னி: ஓர் ஓபுசோன் சுவர்த்திரை குறித்த நிகழ்வு ஆய்வு

பிரான்சில் பழந்துணிகளைப் பழுதுபார்க்கும் ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்கிறேன். அங்கே வந்த ஒரு சுவர்த்திரையோடு எங்களுக்குப் பதினாறு மாதம் போனது. அதில் நாங்கள் சரியாகக் கண்டுபிடித்தது ஒன்று, கோட்டைவிட்டது ஒன்று. பழந்துணியைக் கையாளும் யாருக்கும் இரண்டும் பயன்படும் என்பதால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். குடும்பத்தின் பெயரையும் ஊரையும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி விட்டிருக்கிறேன்.

பின்னணி

திரையின் சொந்தக்காரர் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். பிரான்சின் நடுப்பகுதியில் ஒரு கிராமம், கல்லால் கட்டிய பழைய வீடு. அந்த வீட்டின் சாப்பாட்டுக் கூடத்தில், அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே திரை தொங்குகிறது. உயரம் 2.75 மீட்டர், அகலம் 3.60 மீட்டர். பக்கத்தில் விறகு எரிக்கும் கணப்பு. எதிரே தெற்குப் பார்த்த இரண்டு ஜன்னல்கள்.

வீட்டில் அதற்கு ‘வேட்டைக்காரி’ என்று பெயர். காட்டுக்குள் ஒரு பெண் வலப்பக்கமாக ஓடுகிறாள். முழங்கால் வரை வார் சுற்றிய காலணி, உயர்த்திய கையில் குட்டை ஈட்டி. அவளுக்குப் பின்னால் ஓர் இளைஞன், தோளில் அம்புக்கூடோடு, கையை நீட்டியபடி ஓடி வருகிறான். மேல் மூலையில் சிறகு முளைத்த குழந்தை. கீழே இடது மூலையில், நாணலுக்கு நடுவே கவிழ்ந்த குடத்தின்மேல் சாய்ந்திருக்கும் ஒரு கிழவர். வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக அவர் ‘குடிகாரத் தாத்தா’.

மரங்கள் எல்லாம் நீல நிறம். நீல மரம் என்றால் நிலா வெளிச்சம். நிலாவில் ஈட்டியோடு ஓடும் பெண் என்றால் வேட்டைத் தெய்வம் டயானா, கிரேக்கர்களின் ஆர்ட்டெமிஸ். காப்பீட்டுத் தாளிலும் ‘கோப்லாங் திரை, இரவில் வேட்டையாடும் டயானா’ என்றுதான் இருந்தது.

அம்மையார் எங்களைக் கூப்பிட்டது கதையைத் தெரிந்துகொள்ள இல்லை. ஒரு காலை திரைக்குக் கீழே பெருக்கும்போது தரையில் பொடி மணல் மாதிரி ஏதோ கிடந்திருக்கிறது, அதுவும் நீல நிறத்தில். துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு எந்த நிறக் கம்பளியைத் தின்கிறதோ அந்த நிறத்திலேயே அதன் எச்சமும் இருக்கும். நீல மணல் கிடந்தால் மேலே மரங்களைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்தத் திரை எப்படி நெய்யப்படுகிறது

பின்னால் வருவது புரிய இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தத் துணியில் சித்திரத்தைத் துணிமேல் எழுதுவதும் இல்லை, ஊசியால் பூவேலை செய்வதும் இல்லை. நெசவே சித்திரம். தறியில் இழுத்துக் கட்டிய நூல் சாயமேற்றாத கம்பளிப் பாவு, அதற்குக் குறுக்கே வண்ணக் கம்பளியும் பட்டும் ஊடையாக ஓடும். ஊடையை நெருக்கி அடித்துவிடுவதால் பாவு வெளியே தெரியாது. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நாடா ஓடுவதும் கிடையாது. ஒவ்வொரு நிறமும் தன் எல்லைக்குள் மட்டும் போய்த் திரும்பும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சேருமிடத்தில் இரண்டு ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். இங்கே பல இடங்களில் அப்படிக் கோப்பதில்லை. இரண்டு நிறத்துக்கும் நடுவே பிளவு விழும். நெய்து முடித்தபின் அந்தப் பிளவுகளைக் கையால் தைத்து மூடுவார்கள். தொங்கும் திரையின் எடை முதலில் இழுப்பது இந்தத் தையலைத்தான்.

கோப்லாங் என்பது பாரிசில் 1662-இல் அமைச்சர் கோல்பேர் பதினான்காம் லூயிக்காக ஒன்றுதிரட்டிய அரச நெசவுக்கூடம். பழைய சுவர்த்திரை எதைப் பார்த்தாலும் ‘கோப்லாங்’ என்று சொல்வது இங்கே வழக்கம், நம் ஊரில் நகல் எடுப்பதை எல்லாம் ‘ஜெராக்ஸ்’ என்பது போல. ஆனால் கிரூஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஓபுசோன் ஊரிலும் தலைமுறைகளாகத் திரை நெய்தார்கள். அது ஒரே கூடம் அல்ல. வீட்டு வீடாகத் தறி. 1665-இல் அவர்களுக்கு அரச நெசவுக்கூடம் என்ற பட்டம் கிடைத்தது. 1685-இல் புரோட்டஸ்டண்டுகளுக்கு இருந்த பாதுகாப்பை அரசர் ரத்து செய்ததும் நெசவாளர் பலர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் முப்பதுகளில் அரசு அங்கே ஓவியரையும் சாயக்காரரையும் அனுப்பித் தொழிலை மறுபடி நிமிர்த்தியது. 1732 முதல் ஓபுசோன் திரைகளுக்கு நீலக் கரையும் அதில் ஊர்க்குறியும் கட்டாயமாயின.

ஓபுசோனில் தறி படுக்கையாக இருக்கும். மாதிரிப் படம் பாவுக்குக் கீழே விரிந்திருக்கும், நெசவாளர் துணியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி நெய்வார். அதனால் முடிந்த திரையில் படம் இடவலம் மாறி வரும். எங்கள் இளைஞன் இடது கையை நீட்டி ஓடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

முதலில் பார்த்தவை

வீட்டிலேயே ஏணி போட்டு ஒரு நாள் முழுக்கப் பார்த்தோம். மேல் விளிம்பில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆணிக்கு ஆணி துணி தொய்ந்து அலை அலையாக நின்றது. பட்டு ஊடை வந்த இடங்களில், முகம், வானம், கரையின் பூக்கள், எல்லாம் பொடிந்து வெறும் பாவு தெரிந்தது. கணப்புப் புகையால் இடது பாதி பழுப்பேறியிருந்தது. பூச்சி தின்ற இடங்கள் மரங்களில் பதினொன்று.

பழைய பழுதுபார்ப்பு இரண்டு வகை. பெண்ணின் உயர்த்திய கை, ஈட்டி, அதைச் சுற்றிய வானம் என்று ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் அகலத்துக்குப் புதுப் பாவு கோத்து முழுதாக மறுநெசவு செய்திருந்தார்கள். அந்த இடம் சுருங்கி, தோளின் பக்கத்தில் துணியை இழுத்துச் சுருக்கம் விழவைத்திருந்தது. இன்னொன்று அவள் கெண்டைக்கால்களில். அங்கே தடித்த பழுப்பு நூலால் ஊசித்தையல் மட்டும் போட்டிருந்தது. காலணியின் வார் என்று எல்லோரும் நினைத்தது அந்தத் தையலைத்தான்.

அன்று நான் எழுதிய நிலைக்குறிப்பின் முதல் வரி: ‘டயானா, இரவுக் காட்சி.’ காப்பீட்டுத் தாளைப் பார்த்து அப்படியே எழுதினேன்.

குளிரூட்டலும் தூசி எடுத்தலும்

பூச்சியோடு எந்தத் துணியும் பட்டறைக்குள் வரக் கூடாது. திரையை உருளையில் சுற்றி, பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, −30 டிகிரியில் மூன்று நாள் வைத்தோம். முட்டையும் புழுவும் அதில் செத்துவிடும். அப்புறம் வலை விரித்து, வேக்குவம் கிளீனரின் இழுவையைக் குறைத்து வைத்து, முன்பக்கம் முழுக்கத் தூசி எடுத்தோம். இந்தக் கட்டத்தில் சொல்லும்படி வேறெதுவும் இல்லை.

லைனிங்கைப் பிரித்த நாள்

பின்னால் தடித்த சணல்துணி லைனிங். அதைப் பிரிக்க இரண்டு பேருக்கு ஒன்றரை நாள் ஆனது. கீழ் விளிம்பிலிருந்து தொடங்கினோம். விளிம்பு உள்ளே மடிந்திருந்த இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு நீலக் கரை மிச்சமிருந்தது. மற்ற இடங்களில் அதை யாரோ வெட்டியிருக்கிறார்கள். அந்தத் துண்டில் எம், ஆர், டி என்ற எழுத்துகளும் தொடர்ந்து ஏ, யு என்ற இரண்டும். அதற்கு மேல் துணி இல்லை. பிரெஞ்சு மொழியில் ‘ஓபுசோன் அரச நெசவுக்கூடம்’ என்ற குறியின் தொடக்கம் அது. ஆக, கோப்லாங் இல்லை. 1732-க்குப் பிறகு நெய்தது.

லைனிங் மார்பளவு விலகியதும் என்னோடு வேலை செய்தவர் கையை நிறுத்திவிட்டார். நானும் நிறுத்தினேன். பின்பக்கம் பச்சை.

வெளிச்சம் படாத பின்பக்கத்தில் நிறம் தங்கியிருக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அது நெஞ்சை ஒரு தட்டுத் தட்டும். அன்றைய பச்சை மழை பெய்து ஓய்ந்த தோப்பின் பச்சை. அந்தக் காலத்துச் சாயக்காரர்கள் பச்சைக்கென்று தனிச் சாயம் வைத்துக்கொள்ளவில்லை. நீலத்தில் தோய்த்து, ‘கோட்’ என்று இங்கே சொல்லும் செடியின் மஞ்சளில் மறுபடி தோய்ப்பார்கள். அந்த மஞ்சள் வெயிலுக்குத் தாங்காது. நீலம் தாங்கும். நூறு வருடம் ஜன்னலுக்கு எதிரே தொங்கினால் மஞ்சள் போய் நீலம் மட்டும் நிற்கும். நெய்தவர் நெய்தது பகல். வெயில் அதை இரவாக்கிவிட்டது.

அதே மஞ்சள் இன்னோர் இடத்திலும் போயிருந்தது. இளைஞனின் தலையைச் சுற்றி முன்பக்கம் வெளிறிய மேகம் போல ஒன்று. பின்பக்கம் பார்த்தால் அவை கதிர்கள். தலையிலிருந்து விரியும் மஞ்சள் கதிர்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். கதிர் சூடியவன் சூரியத் தெய்வமான அப்பல்லோ.

அதற்குப் பிறகு நாங்கள் கால்களுக்குப் போனோம். பழுப்புத் தையலின் பின்பக்கம் முரட்டு முடிச்சுகள். முடிச்சுகளுக்கு இடையே பழைய ஊடை உயிரோடு இருந்தது. பழுப்பும் பச்சையும் மாறி மாறி, நெடுக்கு வரியாக, கணுக்காலிலிருந்து மேலேறும் மரப்பட்டை. அடர்பழுப்பு நூலுக்கு அந்தக் காலத்தில் இரும்பு கலந்த சாயம் போடுவார்கள். இரும்பு காலப்போக்கில் கம்பளியை அரித்துப் பொடியாக்கிவிடும். பட்டையின் இருண்ட வரிகள் அப்படித்தான் முன்பக்கம் உதிர்ந்திருக்கின்றன. உதிர்ந்த வரிகளில் வெறும் பாவைப் பார்த்த பழைய பழுதுபார்ப்பவர் அதைக் காலணி வார் என்று எண்ணித் தைத்துவிட்டார்.

கடைசியில் கை. மறுநெசவு பழைய துணியோடு சேரும் ஓரத்தில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, நான்கு சென்டிமீட்டர் அளவுக்குப் பழைய ஊடை தப்பியிருந்தது. பச்சைப் பட்டு, நடுவில் வெளிர் நரம்பு, கூர்மையான நுனி. பூதக்கண்ணாடி வைத்து மூன்று பேர் மாறி மாறிப் பார்த்தோம். அது இலை நுனி.

கிரேக்கக் கதையில், பைத்தான் என்ற பாம்பைக் கொன்ற பெருமையில் அப்பல்லோ காதல் தெய்வமான ஈராஸைக் கேலி செய்கிறான். ஈராஸ் அவன்மேல் பொன்னம்பு விடுகிறான், அது காதலை மூட்டும். பெனேயஸ் என்ற நதித் தெய்வத்தின் மகள் டாஃப்னிமேல் ஈய அம்பு விடுகிறான், அது காதலை வெறுக்கவைக்கும். அவன் துரத்த, அவள் ஓட, பிடிபடும் நேரத்தில் தகப்பனை நோக்கி வேண்டுகிறாள். அவள் உடலைப் பட்டை மூடுகிறது, விரல்கள் இலையாகின்றன, லாரல் மரமாக நின்றுவிடுகிறாள். ரோமானியக் கவிஞர் ஓவிடு இதை விரிவாகப் பாடியிருக்கிறார். ஐரோப்பியத் திரைகளுக்கும் ஓவியங்களுக்கும் அவருடைய பாட்டே பெரிய ஊற்று.

இப்போது எல்லாமே இடத்தில் உட்கார்ந்தன. சிறகுக் குழந்தை ஈராஸ். ‘குடிகாரத் தாத்தா’ டாஃப்னியின் தகப்பன். நதித் தெய்வத்தை நீர் வழியும் குடத்தோடு காட்டுவது ஐரோப்பிய ஓவிய மரபு. அந்த இரண்டு பேரும் முன்பக்கத்தில் எப்போதும் தெரிந்துகொண்டேதான் இருந்தார்கள். டயானாவின் வேட்டையில் இவர்களுக்கு என்ன வேலை என்று நாங்களும் கேட்கவில்லை.

என்ன செய்வது என்ற பேச்சு

அம்மையாரையும் பாரிசில் இருக்கும் அவர் மகனையும் பட்டறைக்கு அழைத்தோம். திரையைப் பின்பக்கம் மேலாக விரித்து வைத்திருந்தோம். அம்மையார் வெகுநேரம் பேசவில்லை. பச்சையைத் தொடலாமா என்று கேட்டார். கையுறை கொடுத்தோம். தொட்டார்.

மகன் நேராகக் கேட்டார்: “அப்படியென்றால் ஈட்டியைப் பிரித்துவிட்டு இலைகளை நெய்து தர முடியுமா? கதை தெரிந்துவிட்டதே.” கேட்டதில் தவறில்லை. டாஃப்னி என்று ஆனபின் கையில் ஈட்டி இருப்பது பொய்தானே என்பது அவர் வாதம். விற்கும் எண்ணம் இல்லையென்றாலும், மதிப்பு கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அம்மையார் சொன்னது வேறு. “என் அம்மா சோறு ஊட்டும்போது அவள் கையில் ஈட்டி இருந்தது. அதை எடுத்துவிட்டால் எனக்கு யாரோ ஒருத்தி மாதிரி இருப்பாள்.”

பட்டறைத் தலைவர் அன்று பதில் சொல்லவில்லை, இரண்டு வாரம் அவகாசம் கேட்டார். அந்த இரண்டு வாரமும் எங்களுக்குள் வாக்குவாதம். நான் முதலில் மகன் பக்கம் இருந்தேன். என்னை மாற்றியது இரண்டு பழுதுபார்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. கெண்டைக்காலில் பழுப்புத் தையலுக்கு அடியில் பழைய நெசவு இருக்கிறது. தையலை நூல் நூலாக வெட்டி எடுத்தால் அசல் வெளியே வரும், எதுவும் இழக்க மாட்டோம். கையில் அப்படி இல்லை. மறுநெசவுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. அதைப் பிரித்தால் ஓட்டைதான் மிஞ்சும். புதுப் பாவைப் பழைய துணிக்குள் ஆழமாகக் கோத்திருந்ததால், உருவும்போது ஓரத்து அசலும் கிழியும், அந்த நான்கு சென்டிமீட்டர் இலையும் போய்விடலாம். அப்புறம் இலைகளை நெய்தால் அவை எங்கள் கற்பனை இலைகள். மாதிரிப் படம் கையில் இல்லை. எத்தனை விரல் இலையானது, எது எந்தப் பக்கம் விரிந்தது, யாருக்கும் தெரியாது. முன்பு ஒருவர் ஊகித்து ஈட்டி நெய்தார். நாங்கள் ஊகித்து இலை நெய்வோம். நாங்கள் நல்லெண்ணத்தோடு செய்வோம் என்றால், அவரும் அப்படித்தான் செய்தார்.

முடிவு இதுதான்: அடியில் அசல் இருக்கும் இடத்தில் பழைய தையலை எடுப்பது. அசல் இல்லாத இடத்தில் பழைய மறுநெசவை அப்படியே வைப்பது. தோளில் சுருக்கம் விழவைக்கும் ஓரத்தை மட்டும் பிரித்து, இழுவையைத் தளர்த்தி மறுபடி தைப்பது. புதிதாக எதையும் நெய்யக் கூடாது. பின்பக்கம் முழுவதையும் உள்ளபடியே படம் எடுத்து, திரையோடு சேர்த்துக் குடும்பத்திடம் கொடுப்பது.

இதன்படி முன்பக்கத்தில் காலில் பட்டையும் கையில் ஈட்டியுமாக ஒரு பெண் நிற்பாள். விசித்திரமான உருவம்தான். மகனுக்கு இது முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் படங்களையும் காரணங்களையும் பார்த்துக் கையெழுத்திட்டார்.

கழுவிய நாளில் நடந்த தவறு

புகைக்கரி வெறும் அழுக்கு மட்டும் இல்லை, அமிலத்தன்மை உள்ளது. நூலை உலரவைத்து ஒடியவைக்கும். ஈரம் படும்போது சுருக்கங்களும் கொஞ்சம் நெகிழும். அதனால் நீரால் கழுவலாம் என்று முடிவு செய்தோம். கழுவச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

முன்கூட்டியே சாயச் சோதனை செய்தோம். ஒரு சொட்டு நீர், ஒரு சொட்டு சோப்புக் கரைசல், மேலே வெள்ளை ஒற்றுத்தாள், சின்ன எடை, பத்து நிமிடம். தாளில் நிறம் ஏறினால் அந்த நூல் கழுவத் தாங்காது. திரையின் நிறங்களை எல்லாம் பட்டியலிட்டு முப்பத்தெட்டு இடங்களில் பார்த்தோம். மறுநெசவு வானத்தின் சாம்பல், ஈட்டியின் பழுப்பு எல்லாம் பார்த்தோம். ஒன்றும் ஏறவில்லை.

இழுவை மேசைமேல் திரையை விரித்தோம். மேலிருந்து பனித்தூவல் போல நீரும் சோப்பும் இறங்கும், கீழிருந்து காற்று உறிஞ்சும். துணி தண்ணீரில் ஊறாமல், நீர் நேராகக் குறுக்கே கடந்து போய்விடும். முதல் அரைமணி நேரம் பழுப்பு நீர் வந்தது, பிறகு தேநீர் நிறம், பிறகு தெளிவு. அப்போது கீழ்க் கரையின் இடது மூலையில், ஒரு ரோஜாவுக்குப் பக்கத்தில், பாலேட்டு நிறப் பட்டில் இளஞ்சிவப்பு படர்வதைக் கண்டேன்.

நீரை உடனே நிறுத்தினோம். இழுவையைக் கூட்டி, ஒற்றுத்தாளை மாற்றி மாற்றி வைத்து, குளிர்காற்றால் உலர்த்தினோம். மூன்று மணி நேரம் நின்ற நிலையில் வேலை. பெரும்பகுதி வந்துவிட்டது. உள்ளங்கை அளவுக்கு ஒரு மங்கலான கறை தங்கிவிட்டது.

காரணம் அன்று மாலையே தெரிந்தது. அந்த ரோஜாவின் ஏழு இதழ்களில் ஐந்து அசல், மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து எடுத்த சிவப்பு. இரண்டு இதழ் பிற்காலத்தில் யாரோ நிரப்பியது. முன்பக்கம் இரண்டும் ஒரே சிவப்பு. ‘கரைச் சிவப்பு’ என்று பட்டியலில் ஒரே வரியாக எழுதி, அசல் இதழில் மட்டும் சொட்டு விட்டிருக்கிறோம். பின்னர் ஆய்வகத்தில் பார்த்ததில் நிரப்பிய நூலில் இருந்தது செயற்கைச் சாயம். லியோன் நகரில் ஃபூக்சின் என்ற செயற்கைச் சிவப்பு வந்தது 1859-இல். அந்தத் தலைமுறைச் சாயங்களில் பல நீர் பட்டால் ஓடும். ஆக, அந்த இதழ்களை நிரப்பியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கு முன்னால் இருக்க முடியாது என்பதும் இந்தத் தவறிலிருந்தே தெரிந்தது. அப்படித் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அன்றே அம்மையாருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னோம், மறுநாள் படங்களும் எழுத்துமூலக் குறிப்பும் அனுப்பினோம். கறையை வேதிப்பொருளால் வெளுக்கலாமா என்று யோசித்தோம். வயதான பட்டு அதைத் தாங்காது. விட்டுவிட்டோம். அம்மையார் கோபப்படவில்லை. “எந்தப் பூ?” என்று மட்டும் கேட்டார். மகன் கோபப்பட்டார். அவருக்கு அந்த உரிமை இருந்தது. கழுவிய வேலைக்கான தொகையைப் பட்டறை வாங்கிக்கொள்ளவில்லை.

தையல் வேலை

திரையை இரண்டு உருளைகளுக்கு நடுவே சட்டத்தில் இழுத்துக் கட்டி, பின்னால் சாயமிட்ட லினன் துணி வைத்து, பகுதி பகுதியாகத் தைத்தோம். வெறும் பாவு தெரியும் இடங்களில் பாவின்மேல் மெல்லிய நூலை வரிவரியாகக் கிடத்தி, சின்னச் சின்னத் தையலால் லினனோடு பிடித்துவைப்போம். கிட்டே போனால் தையல் தெரியும், நான்கடி தள்ளி நின்றால் கண் அதைக் கடந்து நிறத்தைப் பார்க்கும். எதிர்காலத்தில் யாராவது எடுக்க நினைத்தால் அசலுக்குச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம்.

கெண்டைக்கால்களின் பழுப்புத் தையலை எடுக்கும் வேலை எனக்கு வந்தது. நுனி வளைந்த சின்னக் கத்தரி, இடுக்கி, பூதக்கண்ணாடி. பின்பக்கத்து முடிச்சை வெட்டி, முன்பக்கம் ஒரு நூலை இழுத்தால், அடியிலிருந்து ஒரு தானிய அளவுக்குப் பட்டை வெளியே வரும். வெளிச்சம் படாமல் நூல் மூடியே வைத்திருந்ததால் அந்த இடங்களில் பச்சை இன்னும் பச்சையாகவே இருந்தது. நீலக் காட்டுக்குள் அவள் கால் மட்டும் பச்சை. ஒன்பது நாள் அந்தக் கால்களோடு உட்கார்ந்திருந்தேன்.

பழைய பழுதுபார்ப்பவரின் நூல்களை எறியவில்லை. காகித உறையில் போட்டு, எந்தக் காலின் எந்த இடம் என்று எழுதி, கோப்பில் சேர்த்தோம். பிறகு பிளவுகளின் தையல், பருத்தி லைனிங், மேல் விளிம்பில் எடை சமமாகப் பரவும்படி வெல்க்ரோ பட்டை.

வீடு திரும்பிய பின்

பழைய சுவரில் மாட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அதே கூடத்தின் உள்சுவரில், கணப்பிலிருந்து தள்ளி, மரச்சட்டத்தில் வெல்க்ரோவால் மாட்டினோம். ஜன்னல்களுக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தாளும் லினன் திரையும். துணிக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் படாமல் இருப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஜன்னல் திரையை விலக்கிக்கொள்ள ஒத்துக்கொண்டோம். பார்க்கவே முடியாதபடி ஒரு திரையை வீட்டில் வைத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பதினெட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தோம். பூச்சிப் பொறியில் இரண்டு அந்து மட்டும், திரையில் புதிய கடி இல்லை. தோள் சுருக்கம் திரும்பவில்லை. கரைக் கறை அப்படியே இருக்கிறது. பின்பக்கத்துப் படத்தை அம்மையார் நடைவழியில் மாட்டியிருந்தார். பேரப்பிள்ளைகள் இப்போது ‘குடிகாரத் தாத்தா’வை ‘அப்பா’ என்கிறார்களாம். ஓடும் பெண்ணை மட்டும் இன்னும் ‘வேட்டைக்காரி’ என்றே கூப்பிடுகிறார்கள். காப்பீட்டுத் தாளில் ஊரையும் கதையையும் திருத்தியாகிவிட்டது.

இனி மாற்றிச் செய்வது

சாயச் சோதனையில் நிறத்தை எண்ணினோம், நூலை எண்ணியிருக்க வேண்டும். அந்த இரண்டு இதழ்களின் பின்பக்கம் நூல்முனையில் முடிச்சு இருந்தது, முறுக்கும் இறுக்கமாக இருந்தது. அசல் நூலில் இரண்டும் இல்லை. படங்களில் அது தெளிவாகத் தெரிகிறது. பார்த்தும் சோதனைப் பட்டியலோடு சேர்த்துப் படிக்கவில்லை. இப்போது பின்பக்கப் படத்தை மேசையில் விரித்து, பழுதுபார்ப்புகளை எல்லாம் அதில் வரைந்த பிறகே சொட்டு விடுகிறோம்.

லைனிங்கைப் பிரிக்கும் முன் நிலைக்குறிப்பில் கதையின் பெயரை எழுதுவதில்லை. ‘ஓடும் பெண், பின்தொடரும் இளைஞன், மேலே சிறகுள்ள குழந்தை, கீழே குடத்தோடு கிழவர்’ என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறோம். அன்று அப்படி எழுதியிருந்தால் குழந்தையையும் கிழவரையும் பற்றிய கேள்வி முதல் நாளே வந்திருக்கும்.

கழுவியது சரியா என்று இப்போது கேட்டால், நடுப்பகுதிக்குச் சரி, கரைக்கு வேண்டியிருக்கவில்லை என்று சொல்வேன். கரையில் புகைக்கரி குறைவு, பழுதுபார்ப்பு அதிகம். அதை மறைத்துவைத்து நடுவை மட்டும் கழுவியிருக்கலாம்.

அந்தச் சிவப்பு நூலில் ஒரு விரல் நீளத்தை அம்மையாரிடம் கேட்டு வாங்கி, ஒற்றுத்தாள் துண்டோடு சேர்த்துப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். புதிதாக வேலைக்கு வருபவருக்கு முதல் வாரமே அதைக் காட்டுகிறேன்.